வாங்கிய மரத்தை எடுத்துச் செல்லாதவர்

பூனாத் தமிழர் வீட்டுப் பிள்ளைகளில் பாதிப்பேரின் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்து அழவைத்தவரும், இன்று இந்த அவைக்குத் தலைமை ஏற்று எங்களை மகிழவைத்தவருமான குழந்தை மருத்துவர் டாக்டர் ஜமீலா அவர்களே! கணக்கில் கறாரும் காப்பியில் தாராளமும் காட்டும் எங்கள் மன்றத்துப் பொருளாளர், வங்கிப் பணியில் முடி நரைத்த மகாதேவன் அவர்களே! முன்வரிசை முழுவதையும் முற்றுகையிட்டிருக்கும் மூத்தோரே! விடியற்காலையிலிருந்து பொங்கல் பானையோடும் புகையோடும் போராடிவிட்டு, இப்போதுதான் பட்டுச் சேலையில் பளபளவென்று வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே! மகர்பட்டாவிலிருந்து மோட்டார் சைக்கிளில் பறந்து வந்து, நாற்காலி காலியாக இருந்தும் கடைசியில் நின்றுகொண்டே மெசேஜ் தட்டும் இளங்காளைகளே! உங்கள் எல்லோருக்கும் இந்த மங்கையர்க்கரசியின் வணக்கம்.

இன்னும் மூன்று பேருக்குத் தனி வணக்கம் பாக்கி. இந்த மாதத்தோடு பூனாவை விட்டுப் பொள்ளாச்சிக்கே திரும்பப்போகும் எங்கள் கந்தசாமி அண்ணனுக்கும், அவர் துணைவி விசாலம் அண்ணிக்கும் ஒரு வணக்கம். ரஞ்சன்காவ் தொழிற்சாலையில் லீவு சொல்லிவிட்டு வந்து, மேடை ஓரத்தில் மடியில் ஒரு சின்னப் பெட்டியோடு உட்கார்ந்திருக்கிறாளே, அந்த வைஷாலிக்கு ஒரு வணக்கம். அவள் யார், அந்தப் பெட்டிக்குள் என்ன? அதைச் சொல்லத்தான் ஐயா நான் மைக்கைப் பிடித்திருக்கிறேன்.

செயலாளர் எனக்குப் பத்து நிமிஷம் கொடுத்திருக்கிறார். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் டிரங்க் கால் காலத்தில், மூன்று நிமிஷம் முடிந்ததென்று குறுக்கே புகுந்து, கொஞ்சிக்கொண்டிருந்த எத்தனையோ பேரின் பேச்சை வெட்டியவள் நான். அந்தப் பாவத்துக்கு இன்று யாராவது துண்டுச்சீட்டு நீட்டினால் வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொள்வேன், பேச்சை நிறுத்தமாட்டேன்.

அன்பர்களே! அந்தப் பழைய பூனா நினைவிருக்கிறதா? மே மாதத்திலும் மாலைக் காற்று மேனியை வருடிய பூனா! சைக்கிள் மணி ஓசையில் சாலையெல்லாம் சங்கீதம் கேட்ட பூனா! ஊரிலிருந்து ஒரு வாரப் பத்திரிகை வந்தால் கடகி குவார்ட்டர்ஸில் பத்து வீடு சுற்றி, அட்டை கிழிந்து, அப்பளம் மடிக்கப் போகும்வரை படித்தோமே, அந்தப் பூனா! மன்றத்துக்கு அப்போது மண்டபம் ஏது, மேடை ஏது? யார் வீட்டுக் கூடம் பெரிதோ அதுதான் மண்டபம், யார் குரல் பெரிதோ அவர்தான் பேச்சாளர். என்ன சிரிப்பு பின்னால்? ஆமாம், அப்போதும் நான்தான்.

அந்தக் கூடத்துக்குத்தான் தொண்ணூற்றொன்றில் ஒரு நெடிய மனிதர் வந்து சேர்ந்தார். கேம்ப் பகுதியில் ஒரு பங்குச்சந்தை அலுவலகம். ஊரார் சேமிப்பை வாங்கி, எதில் போட்டால் வளரும் என்று பார்த்துப் போடும் உத்தியோகம். கேட்க வேண்டுமா? பங்கு ஜுரம் ஊரையே ஆட்டிய காலம் அது. பால்காரர் பங்கு பேசினார், பாட்டு வாத்தியார் பங்கு பேசினார், பந்தியில் பாயசம் ஊற்றுகிறவர்கூடக் கரண்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "கந்தசாமி சார், எதை வாங்கலாம், சொல்லிட்டுச் சாப்பிடுங்க" என்றார். அண்ணன் எல்லோருக்கும் ஒரே பதில்தான் வைத்திருந்தார்.

"வாங்கறது ஒண்ணும் பெருசில்லீங்க. வாங்கிப்போட்டுச் சும்மா இருக்கோணும். அதுதானுங்க யாருக்கும் முடியறதில்லே."

வார நாளெல்லாம் அவருக்குச் சந்தை. ஞாயிறு வந்தால் மலை. எலுமிச்சைச் சாதமும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு, லோனாவ்லா லோக்கல் ரயிலில் ஏறித் தளேகாவில் இறங்கி, அங்கிருந்து சிவப்பு எஸ்.டி. பஸ்ஸில் குலுங்கிக் குலுங்கிப் போவோம். டாக்டர் ஜமீலா வருவார், மகாதேவன் சார் குடையோடு வருவார், நான் வாயோடு வருவேன்.

அப்படித் தொண்ணூற்று நான்கில், மழை ஓய்ந்து மலையெல்லாம் மரகதமாய் மின்னிய ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோண்டேவாடி என்ற சிற்றூருக்குப் போனோம். ஊருக்கு மேலே ஒரு தேவ்ராய். மராத்தி மலைகளில் அம்மனுக்கென்று விட்ட காட்டுக்கு அதுதான் பேர். அங்கே இருப்பவள் வாக்ஜாய் அம்மன். அந்தக் காட்டுக்குள் கோடரி நுழையக் கூடாது. சுள்ளி பொறுக்கக் கூடாது. உதிர்ந்து கிடக்கும் ஒரு காய்ந்த இலையைக்கூட அம்மனைக் கேட்காமல் வெளியே கொண்டுபோகக் கூடாது. தாய்மார்களே, இந்தக் கடைசி விதியை முந்தானையில் முடிந்து வைத்துக்கொள்ளுங்கள், பிற்பாடு வேண்டும். அந்த மர நிழலின் காலடியில் ஒரு சுனை. கோடையிலும் வற்றாத சுனை. ஊருக்கே அதுதான் தண்ணீர். மரம் போனால் அதுவும் போய்விடும்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஊரே காட்டுக்குள் கூடி நின்றது. பாதையில் ஒரு மரக் காண்ட்ராக்டரின் டெம்போ, அதில் நீள நீளமான ரம்பங்கள். என்ன நடக்கிறது என்று நாங்கள் விழித்துக்கொண்டு நிற்க, டாக்டர் ஜமீலாவின் கண் மட்டும் ஒரு சின்னப் பெண்ணின் மேல் நின்றது. ஆறு வயது இருக்கும். நாலடி ஓடுவாள், உடனே குத்துக்கால் போட்டு உட்கார்ந்து மூச்சு வாங்குவாள். உதட்டில் நீலம். ஜமீலா என் கையைப் பிடித்து, "அரசி அக்கா, இந்தப் புள்ளைக்கு இருதயத்துல கோளாறு. ஆப்பரேஷன் பண்ணியாகணும்" என்றார். அந்த ஆறு வயதுக் குழந்தைதான் இதோ, இந்த வைஷாலி.

அவள் அப்பா நாம்தேவ் அந்தக் கோயிலின் பூசாரி. ஆப்பரேஷன் வேண்டும் என்று அவருக்கும் தெரியும், தளேகாவ் டாக்டர் எப்போதோ சொல்லிவிட்டார். கையில் ஏது? அதனால் ஊர் கூடிப் பேசியிருக்கிறது. பிள்ளை பிழைக்கட்டும், காட்டு மரத்தைக் காண்ட்ராக்டருக்கு விற்றுவிடுவோம் என்று. கல்நெஞ்சக்காரர்களா அவர்கள்? இல்லை ஐயா, இல்லை! தாங்கள் தாகத்தில் தவித்தாலும் ஒரு தளிர் தழைக்கட்டும் என்று துணிந்தவர்கள். ஆனால் அம்மன் சரி சொல்ல வேண்டுமே! அதற்கு அவர்கள் ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள், கவுல் என்று. அம்மன் கல்லின் இரண்டு பக்கமும் ஈரத்தில் ஒவ்வொரு பூவை ஒட்டிவைத்துவிட்டுக் கேள்வியைக் கேட்பார்கள். வலப்பக்கப் பூ விழுந்தால் சம்மதம், இடப்பக்கப் பூ விழுந்தால் கூடாது.

கந்தசாமி அண்ணன் என் காதருகே, "எங்கூர்லயும் அம்மன்கிட்டப் பூ கேட்போமுங்க" என்றார். சொல்லிவிட்டுச் செருப்பைக் கழற்றிவிட்டுக் கூட்டத்தோடு கூட்டமாகத் தரையில் உட்கார்ந்துவிட்டார். விலை பார்த்து, வரவு பார்த்து, நூறு காரணம் கேட்டுவிட்டு ஒரு பங்கை வாங்குகிற மனிதர், ஒரு பூ எந்தப் பக்கம் விழும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்.

இடப்பக்கப் பூ விழுந்தது. மறுபடி கேட்டார்கள். மறுபடியும் இடப்பக்கம். அந்தப் பிள்ளையின் தாய் லீலா, அம்மன் கல்லுக்கு முன்னால் போய் நின்றுகொண்டு, "உனக்குக் குழந்தை இருந்தாத் தெரியும்டி! மரத்தை வச்சுக்கிட்டு நீயே ஆளு!" என்று மராத்தியில் கத்தினாள் பாருங்கள், இன்றைக்கும் என் காதில் அந்தக் குரல் இருக்கிறது. அம்மனையே திட்டும் உரிமை ஒரு தாய்க்கு இல்லாமல் வேறு யாருக்கு உண்டு? நாங்கள் எல்லோரும் அழுதுவிட்டோம்.

அண்ணன் எழுந்தார். "ஆப்பரேஷனுக்கு வேண்டியதை நான் குடுத்துடறனுங்க" என்றார். நாம்தேவ் கைகூப்பினார். "பீக் நக்கோ, சாஹேப்" என்றார். பிச்சை வேண்டாம் ஐயா என்று அர்த்தம். கடைசியில் நிற்கும், பூனாவிலேயே பிறந்து வளர்ந்த தம்பி தேஜஸ், புரிகிறதா? உனக்குத் தமிழைவிட அதுதான் புரிந்திருக்கும்! மகளின் உயிர் ஊசலாடுகிறது, அப்போதும் மானம் விடவில்லை அந்த மனிதர். கொடுக்க வந்தவரின் கை அப்படியே நின்றுவிட்டது.

அண்ணன் அந்த மரங்களை அண்ணாந்து பார்த்தார், பக்கத்தில் நின்ற ஒன்றின்மேல் கை வைத்தார். பிறகு தன் இந்தியில் ஆரம்பித்தார். அவர் இந்தியைக் கேட்டிருப்பீர்களே, அதிலும் 'ங்க' வரும். உங்களுக்காக அவர் தமிழிலேயே சொல்கிறேன்.

"சரிங்க, பிச்சை வேண்டாமுங்க. நான் மரம் வாங்கிக்கறனுங்க. காண்ட்ராக்டர் சொன்ன வெலைக்கே."

"எப்ப வெட்டி எடுத்துட்டுப் போவீங்க?" என்று நாம்தேவ் கேட்டார்.

"எடுக்கமாட்டனுங்க. நிக்கட்டும்."

"எடுக்காம எப்படி சாஹேப்? வாங்கினா எடுத்துட்டுப் போகணுமே!"

"ஏனுங்க, நான் கம்பெனிப் பங்கு வாங்கறேன். வாங்கினதுக்காகக் கம்பெனியைப் பேத்து வீட்டுக்குக் கொண்டாந்தனுங்களா? அது அங்கதான் நிக்குது. இதும் இங்க நிக்கட்டும். நிழலு, தண்ணி, காத்து, அதெல்லாம் ஊரே எடுத்துக்கட்டும். நீங்க அம்மன்கிட்டக் கேள்வியை மாத்திக் கேளுங்க. வெட்டாம விக்கலாமான்னு கேளுங்க."

காண்ட்ராக்டர், இதென்ன பைத்தியக்காரத்தனம் என்று பீடியைத் தூக்கி எறிந்தான். நாம்தேவ் புதுப் பூ ஒட்டினார், புதுக் கேள்வி கேட்டார். காத்திருந்தோம், காத்திருந்தோம், காத்துக்கொண்டே இருந்தோம். வலப்பக்கப் பூ விழுந்தது! காற்று அடித்ததோ, அம்மன் அசைந்தாளோ, எனக்குத் தெரியாது. என்னைக் கேட்காதீர்கள். லீலா அந்தப் பூவை எடுத்துப் பிள்ளையின் தலையில் வைத்தாள்.

ஒருவர் வாங்கும் மரம் போதுமா? போதவில்லை. அண்ணன் மன்றத்தில் வந்து சொன்னார். தங்கம் சேர்க்க வைத்திருந்ததை ஒருவர் தந்தார், தம்பியின் டிக்கெட்டுக்கு எடுத்து வைத்ததை ஒருவர் தந்தார். ஆளுக்கொரு மரம் வாங்கினோம். வைஷாலியும் பூனாவில் ஆஸ்பத்திரியில் சேர்ந்துவிட்டாள். எல்லாம் நல்லபடியாக முடிந்திருக்கும். ஆனால் எங்களிடம் ஒரு பொருளாளர் இருந்தாரே!

மகாதேவன் சார், காதைப் பொத்திக்கொள்ளாதீர்கள். நீங்கள் அனுமதி கொடுத்துத்தான் சொல்கிறேன். வங்கியில் மேஜை நாற்காலிக்கெல்லாம் நம்பர் போட்டுப் பழகிய கை. யார் மரம் எது என்று தெரிய வேண்டாமா என்று, எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், சிவப்புப் பெயிண்ட் டப்பாவோடு தனியாகக் கோண்டேவாடிக்குப் போய், ஊரார் வயலில் இருந்த நேரம் பார்த்து, மரம் மரமாக அழகாக நம்பர் எழுதிவிட்டு, மாலை லோக்கலில் மனநிறைவோடு திரும்பிவிட்டார். ஐயா! மலைநாட்டில் மரத்தில் சிவப்பு நம்பர் போட்டால் என்ன அர்த்தம்? மறுநாள் வெட்டப்போகிறார்கள் என்று அர்த்தம்! காண்ட்ராக்டர்கள் அப்படித்தான் குறிபோடுவார்கள். எங்களில் ஒருவருக்காவது அது தெரிந்திருந்ததா?

ஊர் பார்த்தது, பதறியது, கொதித்தது. ஆஸ்பத்திரிக்குச் செய்தி பறந்தது. நாம்தேவ் மறுநாள் காலையில் ஆப்பரேஷன் என்றிருந்த பிள்ளையை முதல்நாள் விடியும்போதே தோளில் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார்! டாக்டர் ஜமீலா போன் செய்து, "அக்கா, இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள புள்ளை திரும்பி வரணும். இந்தத் தேதி போச்சுன்னா மும்பை சர்ஜன் அடுத்து எப்ப வருவார்னு சொல்ல முடியாது. அவ தாங்கமாட்டா" என்றார்.

ஓடினோம். அம்மனுக்கு மன்னிப்பு வைக்க ஒரு சாக்குத் தேங்காயோடு ஓடினோம். பாராட்டு விழா என்றால் இந்த ஊரில் சால்வையும் தேங்காயும்தானே! விழாக்களில் வந்த தேங்காயெல்லாம் மன்றத்தில் மூட்டையாகக் கிடந்தது. அங்கே போனால், நாம்தேவ் நாங்கள் கொடுத்த பணத்தைத் துணியில் முடிந்து பாதையில் வைத்துவிட்டு நிற்கிறார். "எடுத்துட்டுப் போங்க. தர்மம்னு வந்து ஏமாத்திட்டீங்க. அம்மன் மரத்தைக் குடுத்து என் மகளை வாங்கமாட்டேன்" என்கிறார். லீலா ஒரு மரத்தைக் கட்டிக்கொண்டு நிற்கிறாள். மகாதேவன் சாரோ, "அடையாளத்துக்குத்தான் நம்பர் போட்டேன், சத்தியமா அடையாளத்துக்குத்தான்" என்று தமிழிலேயே திரும்பத் திரும்பச் சொன்னார். அங்கே யாருக்குத் தமிழ் தெரியும்?

கந்தசாமி அண்ணன் விளக்கம் சொன்னாரா? வாதாடினாரா? ஒன்றும் இல்லை. சாக்கிலிருந்து ஒரு தேங்காயை எடுத்தார், நாரை உரித்தார், சுனைத் தண்ணீரில் நனைத்தார், மரத்தின் முன் மண்டியிட்டுத் தேய்க்க ஆரம்பித்தார். அதைப் பார்த்து விசாலம் அண்ணி இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு அடுத்த மரத்துக்குப் போனார். நானும் போனேன், எல்லோரும் போனோம். நாம்தேவ் ஒன்றே ஒன்று சொன்னார். "கடைசிக் குறி போகட்டும். அப்புறம்தான் பிள்ளை வருவா."

கடைசி பஸ் கிளம்புவதற்குள் அந்தக் காடு முழுவதும் தேய்த்தாக வேண்டும். தேய்த்தோம் ஐயா! நகம் தேயத் தேய்த்தோம், நார் தேயத் தேய்த்தோம். மகாதேவன் சாரின் விரலெல்லாம் ரத்தம். போதும் விடுங்கள் என்று இழுத்தாலும் விடவில்லை மனிதர். பாறைமேல் உட்கார்த்திவைத்திருந்த வைஷாலிக்கு இது ஒரு விளையாட்டு. ஒவ்வொரு மரமாகக் கைநீட்டி, "அஜூன் ஆஹே! அஜூன் ஆஹே!" என்று கத்தினாள். இன்னும் இருக்கு, இன்னும் இருக்கு என்று. அவள் கத்தக் கத்த நாங்கள் ஓடினோம். பொழுது சாயும் நேரத்தில் அவள் சுற்றிமுற்றிப் பார்த்தாள், கத்த ஒன்றும் இல்லை. நாம்தேவ் வந்து மகாதேவன் சாரின் கையைப் பிடித்துப் பார்த்தார். தன் தலைப்பாகைத் துணியில் ஒரு முனையைக் கிழித்து அந்த விரல்களைச் சுற்றிக் கட்டினார். பிறகு மகளைத் தூக்கிக் கந்தசாமி அண்ணனின் தோளில் வைத்தார். பஸ் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.

அந்தப் பிள்ளை பிழைத்தாள். எப்படிப் பிழைத்தாள் என்பதை நான் சொல்லவேண்டாம், இதோ உட்கார்ந்திருக்கிறாள், பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்று தொடங்கிய வழக்கம்தான் அன்பர்களே, வெட்டாமல் வாங்கும் இந்த வழக்கம். அண்ணனிடம் சேமிப்பைக் கொடுத்து வளர்ந்தவர்களெல்லாம் ஆளுக்கொரு மரம் வாங்கினார்கள். அந்தப் பணம் மலையூர்ப் பிள்ளைகளின் ஆப்பரேஷனுக்குப் போனது. கம்ப்யூட்டர் கம்பெனிகள் வந்தன, மகர்பட்டா எழுந்தது, அங்கே வேலைக்கு வந்த நம் சபரியும் சுப்ரஜாவும் முதல் சம்பளத்தில் மரம் வாங்கினார்கள். மலைமலையாய்த் தேவ்ராய்கள் நின்றன, வார்டுவார்டாய்ப் பிள்ளைகள் எழுந்து நடந்தார்கள். அண்ணன் முதலில் கைவைத்த ஒன்றைத் தவிர, யார் மரம் எது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. நம்பரைத்தான் தேய்த்துவிட்டோமே!

இப்போது இனிப்பைச் சற்றுத் தள்ளிவைத்துவிட்டு ஒரு கசப்பைப் பேசுகிறேன். போன தீபாவளியிலிருந்து சந்தை சரிந்து கிடக்கிறது. போன வாரம் கமிட்டியில், "இந்த வருஷம் மரம் வாங்கறதை நிறுத்திக்கலாமே, கந்தசாமி சாரும் போயிடறார்" என்று ஒரு குரல் எழுந்தது. யார் என்று சொல்லமாட்டேன், அவர் வடை சாப்பிட்டு முடிக்கட்டும். அன்று அண்ணன் எழுந்து போனார். வாசலில் விசாலம் அண்ணியிடம், "நானு போனா இது நின்னுபோயிருமாட்ட இருக்குது" என்று சொன்னாராம். அண்ணி என்னிடம் சொல்லி அழுதார்.

நான் கேட்கிறேன்! சந்தை சரிந்தது, சுனை சரிந்ததா? விலை விழுந்தது, ஒரு வேராவது விழுந்ததா? டாக்டர் ஜமீலாவின் வார்டில் இன்றைக்கும் ஒரு குழந்தை நீல உதட்டோடு படுத்திருக்கிறது. சந்தை ஏறட்டும், அதுவரை பொறுத்துக்கொள் என்று அந்த இருதயத்திடம் போய் யார் சொல்வீர்கள்? சொல்ல நெஞ்சம் உண்டா உங்களுக்கு? ஏறும்போது கொடுப்பது எவராலும் ஆகும், இறங்கும்போதும் இழுத்துப் பிடித்து நிற்பவர்தானே கந்தசாமி! அவர் பெட்டி கட்டலாம், நாம் கடையைக் கட்டலாமா?

கை தட்டுகிறீர்கள், சந்தோஷம். அதோ, வடை சாப்பிட்டவரே முதலில் கை தூக்குகிறார்! மகாதேவன் சார், எழுதிக்கொள்ளுங்கள். காகிதத்தில் மட்டும் எழுதுங்கள், மரத்தில் வேண்டாம்.

மதியம் வைஷாலி வந்தவுடன் கேட்டேன். "கந்தசாமி மாமா முதல்முதல்ல வாங்கின மரம் எப்படிடீ இருக்கு?" என்னைச் சித்தி முறை வைத்து அழைக்கும் அவள் சிரித்துக்கொண்டே, "அஜூன் ஆஹே, மௌஷி" என்றாள்.

இனி அந்தப் பெட்டி. மாமா ஊரைவிட்டுப் போகிறார் என்று கேட்டதும் கோண்டேவாடி அம்மனிடம் ஒரு கேள்வி வைத்திருக்கிறது. முடிந்து வைத்த முடிச்சை அவிழ்த்துவிட்டீர்களா தாய்மார்களே? அந்தக் காட்டிலிருந்து ஒரு சருகுகூட வெளியே போனதில்லை. இந்த ஒருமுறை, இந்த ஒருவருக்காக, அனுப்பலாமா என்று கேட்டிருக்கிறார்கள். நாம்தேவ் பூ ஒட்டிவைத்துக் கையை எடுப்பதற்குள் வலப்பக்கப் பூ விழுந்துவிட்டதாம். அந்தப் பெட்டிக்குள் இருப்பது ஓர் இலை. அண்ணனின் அந்த முதல் மரத்தில் பழுத்துத் தானாக உதிர்ந்த இலை.

இத்தனை ஆண்டுகளில் நாங்கள் போர்த்த வந்த சால்வையையெல்லாம் வேண்டாம் என்று ஒதுக்கினீர்களே கந்தசாமி அண்ணா, இதை ஒதுக்க முடியாது. எழுந்திருங்கள், மேடைக்கு வாருங்கள். பதினைந்து வருஷத்துக்கு முன்னால் நீங்கள் வாங்கிய சரக்கு இன்றைக்குத்தான் வந்து சேர்ந்திருக்கிறது. வைஷாலி, நீயே மாமா கையில் கொடம்மா.

அவர் அழட்டும், யாரும் சமாதானம் சொல்லவேண்டாம். இதுவரை பொறுமையாய்ச் செவிகொடுத்த பெரியோர்க்கும், புகைபட்ட கண்ணோடும் என் பேச்சுக்குக் கலங்கிய தாய்மார்க்கும், பாதி புரிந்தும் முழுதாய் நின்ற பிள்ளைகளுக்கும், மலையிலிருந்து மகளை அனுப்பிவைத்த கோண்டேவாடிக்கும் என் நன்றியைக் காலடியில் வைத்து, பொங்கிய பானை பொங்கியபடியே இருக்க வாழ்த்தி, கைகூப்பி அமர்கிறேன்.